அண்ணன் படம் ஏன் இல்லை

ஸ்கேனரின் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன். உள்ளே ஒரு வெளிச்சம் மெதுவாக நகர்ந்து போனது. பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்த அம்மா அந்தச் சத்தத்தையே உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சுட்டுறாதா பாப்பா?”

“எதும்மா?”

“அந்த லைட்டு. படத்த சுட்டுறாதா?”

“சுடாதும்மா. கொப்பி எடுக்கிற மிசின்தானே. பேசாம இருங்க.”

‘பேசாம இருங்க’ என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பழகிய வாய் வீட்டிலும் அப்படித்தான் பேசும்.

அது மாத்தளையில் ஒரு சனிக்கிழமைப் பகல். வடக்கில் யுத்தத்தின் கடைசி வருஷங்கள். எங்கள் தெருமுனையில் மணல் மூட்டை அடுக்கி இரண்டு பேர் துப்பாக்கியோடு நிற்பார்கள். அவர்களைத் தாண்டித்தான் அந்த ஸ்கேனரை ஒரு பழைய பெட்சீட்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பள்ளிக்கூடத்துச் சாமான் அது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். பெட்சீட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன், பழைய குடும்பப் படங்களை ஏற்றப் போகிறேன் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர்களில் ஒருவன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

நான் எழுதும் இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து பத்திரிகை ஆசிரியர் ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறார். “காணாமல் போன அண்ணனைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள், டீச்சர். அவருடைய படம் ஒன்று அனுப்பினால் போடலாமே.” இரண்டு தடவை பேச்சை மாற்றினேன். மூன்றாவது தடவை, பதிலை எழுதியே தருகிறேன் என்றேன். இந்த வாரம் அதுதான்.

ஆறு சின்னது, ஒன்று பெரியது

அண்ணன் சந்திரன் என்னைவிட நாலு வயது மூத்தவன். யட்டவத்தப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து வளர்ந்தோம். அப்பா போன பிறகு, நான் படிக்க வேண்டும் என்பதற்காக அவன் படிப்பை நிறுத்திவிட்டு சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் அறை துடைக்கும் வேலைக்குப் போனான். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

மாதத்துக்கு ஒரு தடவை வருவான். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சின்னச் சின்ன சோப்புக் கட்டிகள் அவனுடைய பையில் கிடக்கும். லயத்துக்கே அந்த வாசம் வரும். பக்கத்து வீட்டுப் பெண்கள் காரணமே இல்லாமல் எங்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். அது சோப்புக்காகவா அண்ணனுக்காகவா என்று நான் அவனைக் கிண்டல் பண்ணுவேன்.

அவனிடம் அடையாள அட்டை இல்லை. பிரஜாவுரிமை இருந்தால்தான் அட்டை. எங்களுக்கோ அப்பா காலத்திலிருந்தே அது இழுபறி. தோட்டத்துத் துரை கொடுத்த ஒரு கடிதத்தை மடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பான். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து அழிந்துபோயிருந்தது.

ஒரு வழியாகக் கடதாசிகள் சரியாகி, அட்டைக்கு எழுதிப் போடலாம் என்று வந்தது. அதற்குப் படம் வேண்டும். மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஹனிபா நானாவின் ஸ்டூடியோ. நானும் கூடப் போனேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட சீப்பால் அண்ணன் பத்து நிமிஷம் தலை சீவினான்.

“சிரிக்க வாணாம் தம்பி,” என்றார் ஹனிபா நானா. “இது கவர்மெண்டுக்குப் போற படம்.”

சிரிக்காமல் ஒன்று எடுத்து, அதில் ஆறு சின்னப் படங்கள். வெளியே வரும் நேரத்தில், “ஒரு பெரிய படமும் எடுத்துக்கங்க, பொண்ணு பாக்க ஒதவும்,” என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். ஹனிபா நானா மாடிப்படியும் பூந்தொட்டியும் வரைந்த திரையை இழுத்துவிட்டார். “இப்ப சிரிங்க,” என்றார். அண்ணன் சிரித்தான். முன்பல் ஒன்று லேசாக உடைந்திருக்கும், அது தெரியும்படி சிரித்தான்.

ஆறு சின்னது, ஒன்று பெரியது. அவனுடைய படம் என்று எங்கள் வீட்டில் இருந்தது அவ்வளவுதான். இவை போக, பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளோடும் எடுத்த குரூப் படம் ஒன்று.

அட்டைக்கு எழுதிப் போடுவதற்குள் அந்தக் கெட்ட காலம் வந்துவிட்டது. தெற்கில் சிங்களப் பையன்களிடம் கிளம்பிய கிளர்ச்சி மலைநாட்டுக்கும் ஏறி வந்திருந்தது. வயசுப் பையன் என்றால் இந்தப் பக்கத்துக்கும் சந்தேகம், அந்தப் பக்கத்துக்கும் சந்தேகம். அண்ணன் தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான். அவன் வந்த பஸ்ஸை நாலந்தாவுக்குக் கிட்ட நிறுத்தி எல்லாரிடமும் அட்டை கேட்டிருக்கிறார்கள். அட்டை இல்லாத மூன்று பேரை இறக்கியிருக்கிறார்கள். பஸ்ஸைப் போகச் சொன்னதும் அது போய்விட்டது.

இதை வந்து சொன்னது அந்த பஸ் கண்டக்டர். சிங்களவர், நல்ல மனுஷர். அண்ணனின் பையை மட்டும் பத்திரமாக எடுத்து வந்து கொடுத்துவிட்டு, வாசலில் நின்று அழுதார். பைக்குள் ஒரு புதுச் சேலையும் ஐந்து சோப்பும் இருந்தன.

அதற்குப் பிறகு அந்த ஆறு சின்னப் படங்களும் ஒவ்வொன்றாக வீட்டை விட்டுப் போயின. பொலிசில் ஒன்று. இராணுவ முகாமில் ஒன்று, பிறகு இன்னொரு முகாமில் ஒன்று. கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் ஒன்று. அண்ணனைக் கண்டதாகச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு ஆள் வாங்கிக்கொண்டு போனது ஒன்று. கடைசியாக, மை போட்டுப் பார்க்கிறவனிடம் ஒன்று. ஒருவரும் திருப்பித் தரவில்லை. சிரித்த படம் மட்டும் மிஞ்சியது.

ஈரத் துணி

எங்கள் ஆட்களின் வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய படத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டி, நெற்றியில் குங்குமப் பொட்டு வைப்போம். அப்பாவின் படத்துக்கு அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வைப்பார். பழைய பொட்டின் மேலேயே புதுப்பொட்டு. கண்ணாடியில் அது தடித்துப்போயிருக்கும்.

பக்கத்திலேயே அண்ணன் படம். அதற்குப் பொட்டு கிடையாது. பொட்டு வைத்தால் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பதிலாக அம்மா வேறொன்று செய்தார். காலையில் குளித்துவிட்டு, துணியை நனைத்துப் பிழிந்து, அந்தக் கண்ணாடியில் அண்ணனின் முகத்தைத் துடைத்துவிடுவார். “மூஞ்சியக் கழுவிக்க சாமி, வேலைக்கி நேரமாச்சி,” என்று வாய்க்குள் சொல்லுவார். லயத்திலும் அதுதான், டவுனுக்கு வந்த பிறகும் அதுதான். காய்ச்சல் என்றாலும் விடமாட்டார். ஏறக்குறைய இருபது வருஷம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. சொல்லிவிடுகிறேன். எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். மரணச் சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் சொன்னபோது படிவத்தை வாங்கிவந்து அம்மாவிடம் நீட்டினேன். அதை அரிசி டின்னுக்கு அடியில் விரித்துவிட்டார்.

“எத்தன வருஷத்துக்கும்மா இப்பிடி? பொட்டு வச்சி, படையல் போட்டு முடிச்சிருங்க. எனக்குப் பாக்க முடியல.”

“பொட்டு வைக்கிறது ஒரு நிமிஷ வேல பாப்பா. பொறவு அவென் வந்து வாசல்ல நின்னான்னு வையி. செவுத்துல தன் படத்துல பொட்டப் பாத்தா என்னா நெனப்பான்?”

அண்ணன் வரமாட்டான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தை ஒத்துக்கொள்ளாத ஒருவரோடு ஒரே வீட்டில் இருப்பது பெரிய பாரம்.

அப்படி இருக்கும்போது அம்மாவின் இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குப் பெயர் பதிந்துவிட்டு வந்தோம், தேதி வர மாதக்கணக்காகும் என்றார்கள். ஒருநாள் காலையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “மூஞ்சி தெரிய மாட்டேங்குது பாப்பா. வெறும் புகையாத் தெரியுது,” என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு இந்த யோசனை வந்தது. படத்தை ஸ்கேன் பண்ணிக் கம்பியூட்டரில் ஏற்றினால் முகத்தை மட்டும் ஒரு தட்டு அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டலாம். அந்த ஒன்றையாவது அவருக்குச் செய்வோம் என்று நினைத்தேன். சத்தியமாக வேறு எதையும் நினைக்கவில்லை.

சுத்தம்

முதலில் அப்பாவின் படத்தை எடுத்தேன். பொட்டு கலைந்துவிடும், கழற்றாதே என்று அம்மா சொன்னதால் கண்ணாடியோடேயே கவிழ்த்து வைத்தேன். படம் வந்தது, ஆனால் குறுக்கே வெளிச்சம் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. நான் கணக்கு டீச்சர். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. அண்ணனின் படத்தை ஃபிரேமிலிருந்து கழற்றிச் சுத்தமாக எடுப்போம் என்று முடிவு செய்தேன்.

ஃபிரேமை மேசையில் கவிழ்த்து, பின்பக்கத்து ஆணிகளை நெம்பி, மட்டையை எடுத்தேன். படத்தின் வெள்ளை முதுகு தெரிந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். நடுவில் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. பழைய படம்தானே என்று இன்னும் கொஞ்சம் இழுத்தேன், சர்ரென்ற சத்தத்தோடு வந்துவிட்டது. வந்ததை அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து மூடினேன். திருப்பிப் பார்க்கவில்லை.

அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அம்மா சுட்டுவிடாதா என்று கேட்டார்.

எங்கள் கம்பியூட்டர் பழையது. படம் திரையில் வர நேரமெடுக்கும். அதுவரைக்கும் சும்மா இருப்பானேன் என்று ஃபிரேமின் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்துப் பைப்புக்குப் போனேன். லயத்து விளக்குப் புகையும் தூசியும் ஓரமெல்லாம் அப்பியிருந்தன. உள்பக்கம் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. பூஞ்சணம் என்று நினைத்தேன். சவர்க்காரமும் தேங்காய் மஞ்சியும் போட்டுத் தேய்த்தேன்.

அது லேசில் போகவில்லை. நான் விடவில்லை. நகத்தால் சுரண்டி, திரும்பவும் தேய்த்து, பளபளவென்று ஆகும்வரைக்கும் கழுவினேன். கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னத் தோல்கள் தண்ணீரோடு சாக்கடைக் கானில் ஓடிப்போயின. அவற்றை நான் கண்ணால் பார்த்தேன்.

கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தேன். திரையில் மாடிப்படி இருந்தது, பூந்தொட்டி இருந்தது. ஸ்டூடியோவின் இரவல் கோட்டும் காலரும் கழுத்தும் இருந்தன. கழுத்துக்கு மேலே வெள்ளையாக, பிய்ந்த கடதாசி.

இருபது வருஷம் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து, அந்த ஈரம் எப்படியோ உள்ளே இறங்கி, முகம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. நான் இழுத்தபோது முகம் கண்ணாடியில் தங்கிவிட்டது. கண்ணாடியை அப்படியே விட்டிருந்தால் அண்ணன் அதில் இருந்திருப்பான். நான் கழுவிவிட்டேன்.

“வந்துச்சா பாப்பா?” என்று கேட்டார் அம்மா, திரையின் பக்கம் முகத்தை நீட்டிக்கொண்டு. “சிரிக்கிறானா?”

“சரியா வரலம்மா. மிசின் பழசு.”

ஹனிபா நானா

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். ஹனிபா நானாவுக்கு நன்றாக வயதாகியிருந்தது. நெகட்டிவ் என்று நான் வாயெடுத்ததுமே தலையை ஆட்டினார்.

“அந்தக் காலத்துது ஒண்டும் இல்ல டீச்சர். நானே நெருப்பு வெச்சேன்.”

“ஏன் நானா?”

“ரெண்டு பேர் வந்தாங்க. யார் எவர் எண்டு சொல்லல்ல. ஒரு பேரச் சொல்லி, இந்தப் பொடியன்ட படம் ஈக்கிதா எண்டு கேட்டாங்க. இல்லெண்டேன். அவங்க போன பொறகுதான் யோசிச்சேன், இந்த அலுமாரிக்குள்ள எத்தன உம்மாமார்ட புள்ளைகள் ஈக்கிறாங்க. நாளைக்கி வந்து அலுமாரியவே தூக்கிட்டுப் போனா? அண்டைக்கே கொல்லைல போட்டு எரிச்சேன்.” கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “புள்ளைகளக் காப்பாத்தத்தான் டீச்சர் எரிச்சேன்.”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் காப்பாற்ற எரித்தார், நான் காட்டக் கழுவினேன். இரண்டு பேரும் நல்லதுதான் செய்யப் பார்த்தோம்.

அதன் பிறகு நான் செய்ததை எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதுகிறேன். அந்தக் குரூப் படத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே ஸ்கேன் பண்ணி, அண்ணனின் முகத்தை மட்டும் பெரிதாக்கினேன். அசலில் அது ஒரு மிளகு அளவுதான். பெரிதாக்கப் பெரிதாக்கக் கட்டம் கட்டமாகக் கலைந்தது. அதையே அச்செடுத்து, வெட்டி, பிய்ந்த இடத்தில் ஒட்டி, ஃபிரேமில் போட்டுச் சுவரில் மாட்டினேன். அதுவரைக்கும் ஃபிரேமைத் திருத்தக் கொடுத்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிச் சமாளித்திருந்தேன். இருபத்துநாலு வயது உடம்பில் பதினாலு வயதுத் தலை. அம்மா அடுத்த நாள் காலையில் வழக்கம்போல ஈரத் துணியோடு வந்து அதன் முகத்தைத் துடைத்துவிட்டார். வேலைக்கு நேரமாச்சு என்று சொன்னார். நான் குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கண்டியிலிருந்து ஒப்பரேஷன் தேதி வந்தது. கடிதத்தை என் பாடக்குறிப்புப் புத்தகத்துக்குள் ஒளித்தேன். டொக்டர் வெளிநாடு போய்விட்டாராம் என்று சொன்னேன். பெற்ற தாயைக் குருடாகவே வைத்திருக்கப் பார்த்தேன். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை தபால்காரர் கடிதத்தை அம்மாவின் கையிலேயே கொடுத்து, என்ன ஏது என்று வாசித்தும் காட்டிவிட்டார்.

நெற்றி

ஒப்பரேஷன் நன்றாக நடந்தது. கட்டைப் பிரித்த நர்ஸ் எத்தனை விரல் என்று கேட்டபோது அம்மா சரியாகச் சொல்லிவிட்டு, நர்ஸின் மோதிரத்தைப் பற்றியும் சொன்னார். பஸ்ஸில் வரும்போது கடைப் பெயர்ப் பலகையின் நிறங்களையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரிடம் போனார்.

“இது ஸ்கூல் போட்டோவுல உள்ள மூஞ்சி,” என்றார்.

நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

“மீச எங்க? ஒடஞ்ச பல்லு எங்க?” திரும்பி என்னைப் பார்த்தார். தெளிவான கண்ணால் பார்த்தார். “எங்கடி அவென்?”

எல்லாவற்றையும் சொன்னேன். இழுத்தது, கழுவினது, நகத்தால் சுரண்டினது வரைக்கும். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அம்மா தரையில் உட்கார்ந்துகொண்டார். துணியால் துடைத்ததால்தான் ஒட்டியது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அவரே கேட்டார்.

“ஈரம் பட்டுத்தான் ஒட்டிக்கிச்சா?”

“பழசும்மா. அதனாலதான்.”

“பொய் சொல்லாத பாப்பா.”

இரண்டு நாள் காலையில் துணி நனையவில்லை. மூன்றாவது நாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு வந்து அப்பாவுக்குப் பொட்டு வைத்தார். குங்குமச் சிமிழை மூடாமலே அண்ணன் படத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

“அந்தப் புள்ள மூஞ்சிய எடுத்துரு,” என்றார். “சின்னப் புள்ளைக்கிப் பொட்டு வைக்கக் கூடாது.”

“வேணாம்மா. அவசரமில்ல. நீங்க சொன்னீங்களே, வந்து வாசல்ல நின்னா...”

இருபது வருஷமாக முடித்துவிடுங்கள் என்று கத்திய அதே வாய்தான் இப்படிக் கெஞ்சியது.

“மூஞ்சி இல்லாம எப்பிடிடி வருவான்? எடு.”

படத்தைக் கழற்றி, நான் ஒட்டியதைப் பிய்த்து எடுத்து, கண்ணாடியைப் போட்டு மாட்டினேன். கழுத்துக்கு மேலே வெள்ளை மட்டும் இருந்தது. அம்மா மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு கையை உயர்த்தினார். கை அந்த வெள்ளைக்கு முன்னால் அப்படியே நின்றது.

“நெத்தி எங்க வரும்? நீயே காட்டு.”

காலரில் விரலை வைத்தேன். கழுத்துக்கு ஒரு விரல். நாடி, வாய், மூக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு விரலாக மேலே அளந்து, ஓரிடத்தில் நிறுத்தினேன். அம்மா அந்த இடத்தில் வைத்தார்.

“சரியா இருக்கா?” என்று கேட்டார்.

சரியாக இருக்கிறது என்றேன். எனக்குத் தெரியவில்லை.